பூசணி பேனாவைத் தள்ளாத நாள்

என் மேசையில் ஒரு நீல நிறப் பேனா இருக்கிறது. அதில் மை தீர்ந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. ஆயினும் அதை நான் தூக்கி எறியவில்லை. ஏனெனில் அது இப்போது என்னுடையது அன்று, பூசணியினுடையது. நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்னதாகப் பூசணி மேசைமேல் ஏறி, அந்தப் பேனாவை முன்காலால் சிறிது சிறிதாக விளிம்புவரை நகர்த்தி, அங்கே ஒரு கணம் நிறுத்தி, கட்டிலில் படுத்திருக்கும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பின்னர் அதைத் தரையில் தள்ளுவான். விழுந்த ஓசைக்கு நான் அசையாவிட்டால் அடுத்தது என் மூக்குக்கண்ணாடி. இந்த வரிசை மாறியதே இல்லை.

பூசணி செம்மஞ்சள் நிற ஆண் பூனை. அவனுடன் சோழி என்னும் பெண் பூனையும் இருக்கிறாள்; வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறமும் கலந்தவள். பூனையை ‘அவன்’ என்றும் ‘அவள்’ என்றும் எழுதுவது இலக்கணப்படி பிழை என்பதை அறிவேன். ஆனால் உவப்பின் காரணமாக அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது வழுவமைதி என்று நம் இலக்கணமே இடம் தந்திருக்கிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது பள்ளியில் நாம் படித்த எடுத்துக்காட்டு. பசுவுக்குக் கிடைத்த சலுகையைப் பூனைக்கும் நீட்டிக்கிறேன். உவப்பில்லாத நாள்களில், அதாவது மூக்குக்கண்ணாடி விழும் நாள்களில், அவன் மீண்டும் ‘அது’ ஆகிவிடுகிறான்.

சென்ற ஆண்டு வேலை நிமித்தமாக நான் ஒன்பது நாள் வெளியூரில் தங்க வேண்டியிருந்தது. அந்த நாள்களில் வீட்டில் தங்கிப் பூனைகளைப் பார்த்துக்கொள்வதாகத் தம்பி ஒப்புக்கொண்டான். அவனுக்கு இதற்குமுன் பூனை வளர்த்த அனுபவம் இல்லை. ஆகவே உணவு எப்போது, எவ்வளவு, மணல் தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். அரைப்பக்கத்தில் முடியும் என்று நினைத்த அந்தக் குறிப்பு நான்கு பக்கத்துக்கு வளர்ந்துவிட்டது. உணவும் மணலும் பத்து வரியில் முடிந்துவிட்டன. மீதிப் பக்கங்களை நிரப்பியவை எல்லாம் இவர்களுடைய கோணங்கித்தனங்களே. “அக்கா, இது பூனையைப் பார்த்துக்கொள்வதற்கான குறிப்பா, அல்லது அரசரின் அந்தப்புரத்துக்கு நடைமுறை விதியா?” என்று தம்பி கேட்டான்.

அந்தக் குறிப்பை எழுதும்போதுதான் ஒன்றை உணர்ந்தேன். ஒவ்வொரு பழக்கத்தையும் எழுதிவிட்டு, ‘இப்படிச் செய்தால் பயப்படாதே, இது அவன் வழக்கம்’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தபோது, அந்த வழக்கம் எதற்காக என்று எனக்கே தெரியவில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

விடியற்காலைப் பேனாவுக்குப் பாதி விளக்கம் எளிது. பூனை இரவு விலங்கு என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது அந்தியிலும் வைகறையிலும் மிகுந்த சுறுசுறுப்புடன் இருக்கும் விலங்கு. அதன் இரையான எலிகளும் சிறு பறவைகளும் நடமாடத் தொடங்கும் வேளை அது. நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் வரை உறங்குகிற ஒரு விலங்கு, எஞ்சிய விழிப்பின் பெரும்பகுதியை அந்த இரண்டு வேளைகளுக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று என் உறக்கத்தின் மிக இனிமையான பகுதியோடு மோதுவது பூசணியின் குற்றமன்று.

மீதிப் பாதி விளக்கத்தில்தான் என் தலை குனிகிறது. முதன்முதலாக ஒரு பொருள் மேசையிலிருந்து விழுந்த நாளில் நான் பதறி எழுந்து அவனைத் திட்டினேன். எழுந்தது எழுந்தாகிவிட்டது என்று அடுக்களைக்குப் போய்க் கிண்ணத்தில் உணவையும் போட்டேன். பொருளைத் தள்ளினால் அக்கறை கிடைக்கும், அதைத் தொடர்ந்து உணவும் கிடைக்கும் என்பதை ஒரே பாடத்தில் கற்பித்துவிட்டேன். பூனையைப் பழக்க முடியாது என்பவர்கள், பூனை நம்மைப் பழக்கும் வேகத்தைக் கவனிக்காதவர்கள். திட்டுவதும்கூட அவனுக்கு ஒரு பரிசுதான் என்பது எனக்கு மிகத் தாமதமாகவே புரிந்தது. புரிந்தபோது பேனா ஒரு நிலைத்த மரபாகிவிட்டிருந்தது.

குரலிலும் இதே கதைதான். வளர்ந்த பூனைகள் தமக்குள் ‘மியாவ்’ என்று பேசிக்கொள்வது அரிது. குட்டி தாயை அழைக்கும் அந்த ஒலியை அவை நமக்காக வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்கின்றன. சோழி இன்னும் ஒரு படி மேலே போனவள். பசித்த வேளையில் அவள் தொண்டையிலிருந்து வரும் குர்ரென்ற ஒலி, மடியில் படுத்திருக்கும்போது வரும் ஒலி அன்று; அதற்குள் ஒரு மெல்லிய, கூர்மையான அழுகை ஒளிந்திருக்கும். இது என் கற்பனை என்று நினைத்திருந்தேன். 2009-ஆம் ஆண்டு சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு இதையேதான் சொல்கிறது: உணவு கேட்கும் பூனையின் குர்ரொலிக்குள் உயர்ந்த சுருதியில் ஓர் அழுகை புதைந்திருக்கிறது, பூனை வளர்த்தே அறியாதவர்களும் அதை அவசரமான ஒலியாக உணர்கிறார்கள். அந்த அழுகையின் சுருதி குழந்தையின் அழுகைச் சுருதிக்கு நெருக்கமானது என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நம் பலவீனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கேயே கைவைப்பது சாமானியத் திறமை அன்று.

கதவைப் பற்றி மட்டும் குறிப்பில் முக்கால் பக்கம் எழுதியிருந்தேன். மூடிய கதவு எதுவாயினும் சோழி அதன் முன்னே அமர்ந்து முறையிடுவாள். திறந்தால் உள்ளே வரமாட்டாள். பாதி உடல் உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்று யோசிப்பாள். மதில்மேல் பூனை என்ற சொல்லாட்சியை உருவாக்கியவர் கட்டாயம் ஒரு பூனையோடு வாழ்ந்திருக்க வேண்டும். தன் எல்லைக்குள் உள்ள ஒவ்வோர் இடத்தையும் நாள்தோறும் ரோந்து சுற்றி, வாசனை பார்த்து, கன்னத்தை உரசி முத்திரை வைத்து வருவது பூனையின் இயல்பு. கன்னத்திலும் நெற்றியிலும் வாயோரத்திலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. மூடிய கதவு அந்த ரோந்தில் விழுந்த ஓட்டை. அறைக்குள் அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. அறை தன் கணக்கில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதை அறிந்தபின் குளியலறைக் கதவின் கீழ் இடுக்கில் நீளும் அந்த வெள்ளைக் காலின் மீது எனக்கு இரக்கமே வருகிறது.

அட்டைப்பெட்டி பற்றி எல்லாரும் அறிவார்கள் என்பதால் விரைந்து சொல்லிவிடுகிறேன். உள்ளே இருந்த பொருள் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் பூனைக்கு உரியது பெட்டிதான். நெதர்லாந்தில் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பெட்டி கிடைத்த பூனைகள் புதிய சூழலுக்கு விரைவில் பழகின, அவற்றின் மன அழுத்தமும் குறைவாக இருந்தது. தரையில் ஒட்டுநாடாவால் நான் வரைந்த வெறும் சதுரத்துக்குள்ளும் சோழி போய் அமர்ந்தாள் என்பதை மட்டும் எந்த மன அழுத்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

மடிக்கணினி மேல் படுப்பது என்னை வெறுப்பேற்றத்தான் என்று நீண்ட காலம் நம்பியிருந்தேன். பூனையின் உடல் வெப்பநிலை நம்முடையதைவிட அதிகம். 38 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. தன்னைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ கூடுதல் ஆற்றல் செலவிட வேண்டாத சுற்றுப்புற வெப்பம் அதற்கு 30 முதல் 38 டிகிரி வரை என்று சொல்கிறார்கள். நமக்குப் புழுக்கமாக இருக்கும் இடம் அவர்களுக்கு இதமான இடம். வேலை செய்துகொண்டிருக்கும் கணினி, சற்றுமுன் நான் எழுந்த நாற்காலி, இப்போதுதான் உலர்ந்து வந்த துணிக்குவியல் ஆகிய மூன்றும் அந்தக் கணக்கில் ஒன்றே. என் கவனம் முழுவதும் அந்தத் திரையின் மேல் இருக்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை மறுக்க எனக்கு மனமில்லை.

சோழி உறங்குமுன் ஒரு பழைய கம்பளியின் மேல் நின்று, இரு முன்கால்களையும் மாற்றி மாற்றி மாவு பிசைவதுபோல் அழுத்துவாள். பால்குடிக்கும் பருவத்தில் தாயின் மடி சுரக்கக் குட்டிகள் செய்யும் செயல் அது. அந்தக் கம்பளியைத் துவைக்க வேண்டாம் என்று தம்பிக்குக் கோடிட்டு எழுதியிருந்தேன், ஏனெனில் உள்ளங்காலிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு, அந்தக் கம்பளி அவளுக்குக் கையெழுத்திட்ட பத்திரம்.

கண்ணை மெல்ல மூடித் திறப்பதையும் எழுதியிருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேலியாகக் கேட்கிறோம். ஆனால் பூனை நம்மைப் பார்த்துக் கண்ணைப் பாதி மூடி, மெதுவாகத் திறப்பது வேறு செய்தி. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வளர்ப்பவர் தம் கண்களைச் சுருக்கி மெல்ல இமைத்தபோது பூனைகளும் அவ்வாறே இமைத்தன. முன்பின் அறியாதவர் மெல்ல இமைத்துவிட்டுக் கையை நீட்டியபோது, உணர்ச்சியற்ற முகத்துடன் நீட்டியவரைவிட அவரிடமே அதிகம் நெருங்கின. “முதல் நாள் சோழி உன்னிடம் வரமாட்டாள், முறைக்காதே, தரையில் உட்கார்ந்து மெல்ல இமைத்துக்காட்டு” என்று தம்பிக்கு எழுதினேன். இரண்டாம் நாள் இரவு அவன் அனுப்பிய படத்தில் சோழி அவன் பையின்மேல் படுத்திருந்தாள்.

மூன்றாம் நாள் நான் தொலைபேசியில் பேசியபோது தம்பி ஒலிபெருக்கியை இயக்கிச் சோழியின் அருகே வைத்தான். அவள் கருவியைப் பார்க்கவில்லையாம். எழுந்து வாசல் கதவை நோக்கிப் போய், அங்கே சிறிது நேரம் நின்று, திரும்பிவந்து தொலைபேசியைச் சந்தேகத்துடன் முகர்ந்தாளாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. வளர்ப்பவரின் குரல் ஓரிடத்திலிருந்து கேட்டு, உடனே அவர் போயிருக்கவே முடியாத இன்னோர் இடத்திலிருந்தும் கேட்டால் பூனைகள் வியப்படைகின்றன. நாம் கண்ணுக்குத் தெரியாதபோதும் எங்கே இருக்கிறோம் என்று அவை குரலைக்கொண்டே மனத்தில் ஒரு வரைபடம் வைத்திருக்கின்றன என்பது அதன் பொருள். நான் சோழியின் வரைபடத்தைக் கலைத்துவிட்டேன். அதன்பின் ஒலிபெருக்கி வேண்டாம் என்றேன்.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்குத் தம்பி அழைத்தான்.

“அக்கா, ஒன்றுமில்லை, சும்மா கேட்கிறேன். நீ எழுதியபடியே எல்லாம் நடக்கிறது. ஆனால் இன்று பேனா விழவில்லை. மேசைமேலேயே அவன் ஏறவில்லை.”

நன்றாக உறங்கினாயா என்று கேட்டு நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, வேறேதும் மாற்றம் உண்டா என்று கேட்டேன். உணவைத் தொடவில்லை என்றான். எங்கே இருக்கிறான் என்றதற்கு, மணல் தொட்டியின் பக்கத்தில் என்றான். “காலையிலிருந்து நான்கைந்து முறை தொட்டிக்குள் போய் உட்கார்ந்தான். மலச்சிக்கல் என்று நினைக்கிறேன்.” மணல் எங்கேனும் நனைந்திருக்கிறதா பார் என்றேன். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இல்லை, நேற்று இரவு நான் சுத்தம் செய்தபடியே உலர்ந்து கிடக்கிறது” என்றபோது என் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆண் பூனை வளர்க்கும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஆண் பூனையின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகியது. நுண்ணிய படிகங்களோ, சளி போன்ற பொருள் திரண்ட ஓர் அடைப்போ, அழற்சியால் ஏற்பட்ட வீக்கமோ அதை முற்றிலும் மூடிவிடக்கூடும். பூனை அடிக்கடி தொட்டிக்குப் போகும், முக்கும், ஒன்றும் வராது. அல்லது ஓரிரு துளி, சில வேளை இரத்தம் கலந்து வரும். பின்புறத்தை ஓயாமல் நக்கும், ஓலமிடும், ஒளிந்துகொள்ளும். பார்ப்பவர் இதை மலச்சிக்கல் என்றே எண்ணுவார். ஆனால் வெளியேற வழியின்றித் தேங்கும் சிறுநீரால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ஓரிரு நாளில் உயிரே போகக்கூடும். மாலைவரை பார்ப்போம், நாளை பார்ப்போம் என்று காத்திருக்கும் நோய் அன்று இது. வீட்டில் இருக்கும் வலிமாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது இன்னும் கேடு. மனிதர்களுக்குச் சாதாரணமான பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு.

தம்பி அரைமணி நேரத்தில் பூசணியைக் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தான். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவுடனேயே, சிறுநீர்ப்பை பந்துபோல் இறுகியிருக்கிறது என்றார். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய வடிகுழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். மூன்று நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். நான் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு மறுநாள் இரவு வந்து சேர்ந்தேன்.

மருத்துவமனையில் அவனைப் பார்த்தபோது முன்காலில் ஊசி பொருத்தி, கழுத்தைச் சுற்றிப் புனல்போன்ற பட்டை மாட்டியிருந்தது. என் விரலை முகர்ந்துவிட்டுக் குர்ரென்று ஒலி எழுப்பினான். குணமாகிவிட்டான், மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று நான் சொன்னபோது, மருத்துவர் தலையசைத்து, “அம்மா, அந்த ஒலியை நம்பாதீர்கள்; நேற்று அடைப்போடு வந்தபோதும் இதையேதான் செய்தான்” என்றார். மகிழ்ச்சியில் மட்டுமன்றி வலியிலும் அச்சத்திலும் பூனைகள் குர்ரென்கின்றன. அந்த ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதிலேயே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. குரல்வளைத் தசைகளை மூளை இடைவிடாமல் சுருக்கி விரிப்பதால்தான் அது வருகிறது என்று கருதிவந்தார்கள். 2023-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்டும் அவர் குழுவினரும், தீராத நோயால் கருணைக்கொலை செய்யப்பட்ட பூனைகளின் குரல்வளைகளை எடுத்து வெதுவெதுப்பான காற்றைச் செலுத்தியபோது, மூளையின் கட்டளை எதுவுமின்றியே அந்தத் தாழ்ந்த ஒலி எழுந்தது; குரல்நாண்களுக்குள் பொதிந்திருக்கும் திசுத் திண்டுகள் அதற்கு உதவுவதாகக் கருதுகிறார்கள். அதைப் படித்தபோது பூசணியின் கழுத்தில் கைவைத்துக்கொண்டிருந்த அந்த நேரம் நினைவுக்கு வந்தது. அது அவன் சொல்லும் சொல் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அவன் சொன்னது வேறு வழியில். வலியை மறைப்பதில் பூனை தேர்ந்தது. வேட்டையாடும் விலங்குதான், ஆயினும் தன்னைவிடப் பெரியவற்றுக்கு அதுவும் இரை. நொண்டுவதையும் முனகுவதையும் வெளிக்காட்டிய முன்னோர்கள் நிலைத்திருக்க மாட்டார்கள். ஆகவே, ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்பதற்குப் பூசணியிடம் ஒலி எதுவும் இல்லை. அவனிடம் இருந்தது ஒரு பேனா மட்டும்தான். நான் வீட்டில் இருந்திருந்தால், பேனா விழாத காலையை ஒரு வரம் என்று எண்ணி ஒன்பது மணிவரை உறங்கியிருப்பேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பூனையைப் பற்றி ஒன்றும் அறியாத தம்பி, குறிப்பைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் வரிவரியாகப் படித்திருந்ததால்தான் அது அவனுக்கு உறுத்தியது.

என் பயணம்தான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன். வழக்கம் குலைவதால் வரும் மன அழுத்தம் சிறுநீர்ப்பை அழற்சிக்கு ஒரு காரணம்தான். ஆனால் உடற்பருமன், வீட்டுக்குள்ளேயே அடங்கிய வாழ்க்கை, உலர் உணவு, குறைவாகத் தண்ணீர் குடிப்பது என்று பலவும் சேர்ந்தே வருகிறது, ஒன்றைமட்டும் பிரித்துக் குற்றம் சாட்ட முடியாது என்றார். பூசணி என்று பெயர் வைத்த நாளில் அவன் நிறத்தை மட்டுமே மனத்தில் வைத்திருந்தேன். இன்று அவன் வடிவத்துக்கும் அது பொருந்துவதற்கு என் கையே காரணம்.

நான்காம் நாள் அவன் வீடு திரும்பினான். கூடையைத் திறந்தவுடன் சோழி ஓடிவந்து கொஞ்சுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ முதுகை வளைத்து, வாலைப் புடைத்துக்கொண்டு, யாரோ ஓர் அந்நியனைப் பார்த்ததுபோல் சீறினாள். ஐந்து ஆண்டுகள் ஒரே கம்பளியில் உறங்கியவர்கள் இவர்கள். பூனைகளுக்குள் அடையாளம் என்பது முகமன்று, வாசனை. ஒன்றாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசியும் நக்கியும் வீட்டுக்கென ஒரு பொது வாசனையை உண்டாக்கி வைத்திருக்கின்றன. மருத்துவமனையின் மருந்து வாடை அதைத் துடைத்துவிட்டது. அவளைப் பொறுத்தவரை, பூசணியின் உருவத்தில் வேறெவனோ வந்திருக்கிறான்.

அவனை ஓர் அறையில் தனியே வைத்து, சோழியின் துவைக்காத கம்பளியால் அவன் முதுகைத் துடைத்தேன். அவன் படுத்த துணியை அவள் பக்கத்தில் போட்டேன். முதல் நாள் கதவுக்கு அப்பாலிருந்தே சீறினாள். இரண்டாம் நாள் துணியை முகர்ந்துவிட்டு, வாயைச் சற்றே திறந்தபடி, ஏதோ விலங்கியல் பேராசிரியரைப் போல அந்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலண்ணத்தில் உள்ள ஒரு தனி உறுப்புக்கு வாசனையை இழுத்துச் சோதிக்கும் முகபாவம் அது. அதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும், எனக்கு அன்று வரவில்லை. மூன்றாம் நாள் மாலை கதவைத் திறந்துவைத்தேன். அவள் வழக்கம்போல் பாதி உடலோடு வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தாள். பிறகு உள்ளே போய் அவன் தலையை நக்கத் தொடங்கினாள். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த நூற்றுக்கணக்கான முட்கள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் உள்ள குழிவு வாயிலிருந்து எச்சிலை எடுத்துச் சென்று மயிரின் அடிவரை சேர்ப்பதை 2018-இல் கண்டறிந்திருக்கிறார்கள். அவ்வளவு நுட்பமான கருவியைக்கொண்டு, மூன்று நாள் மருந்து வாடையை ஏறத்தாழ இருபது நிமிடத்தில் துடைத்து முடித்தாள். முடித்த கையோடு அவன் காதைக் கடித்தாள். காதைக் கடிப்பதும் குறிப்பில் இருக்கிறது, இரண்டாம் பக்கம், ‘பயப்படாதே’ என்ற வரியுடன்.

மருத்துவர் தந்த அறிவுரைகளில் ஈர உணவுக்கு மாறுவது எளிதாக இருந்தது. உணவைப் புதிர்ப் பொம்மைக்குள் வைத்துக் கொடுத்தால் உருட்டி விளையாடி உடல் இளைக்கும் என்றதைச் செய்துபார்த்தேன். இருவரும் அதன் அருகே அமர்ந்து, நான் வந்து திறக்கும்வரை காத்திருந்தார்கள். உழைத்துப் பெறும் உணவும் உழைக்காமல் கிடைக்கும் உணவும் ஒருசேர வைக்கப்பட்டால் பெரும்பாலான விலங்குகள் உழைப்பையும் விரும்பும், பூனைகள் மட்டும் அதில் ஆர்வம் காட்டவில்லை என்று 2021-இல் கலிபோர்னியாவில் 17 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறதாம். என் வீட்டில் 19 என்று கணக்கை முடித்துக்கொள்ளலாம்.

கடினமாக இருந்தது தண்ணீர். வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்பதால் வீட்டுப் பூனைகளுக்குத் தாக உணர்வு குறைவு. இரையின் உடலிலிருந்தே பெரும்பாலான நீரைப் பெற்றுப் பழகியவை. பூசணி குடிக்கும் முறையைக் காண எனக்குச் சலிப்பதே இல்லை. நாய் நாக்கை நீருக்குள் அமிழ்த்தி மேலிழுக்கும். பூனை அப்படிச் செய்வதில்லை. நாக்கின் நுனியால் நீர்ப்பரப்பை மெல்லத் தொட்டு, விரைந்து மேலிழுக்கும்போது நீர் ஒரு மெல்லிய தூணாக எழுகிறது. அது விழுமுன் வாயை மூடிக்கொள்கிறது. நொடிக்கு நான்கு முறை அளவில் நடப்பதால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அப்போது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த ரோமன் ஸ்டாக்கர் தம் வீட்டுப் பூனை காலை உணவு அருந்துவதைப் பார்த்து ஐயுற்று, வேகப் படக்கருவியால் அதைப் படமெடுத்து, ஈர்ப்புவிசைக்கும் நீரின் நிலைமத்துக்கும் இடையில் பூனை கண்டுபிடித்த அந்தச் சமநிலையை 2010-இல் மூவருடன் சேர்ந்து விளக்கினார். ஒரு முறைக்கு வாய்க்குள் போவது மிகச் சிறிய அளவு என்பதால், பாற்கடலையே நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூனைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று அன்றிரவு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து, பிறகு விட்டுவிட்டேன்.

இப்போது வீட்டில் ஐந்து தண்ணீர்க் கிண்ணங்கள் இருக்கின்றன. உணவிலிருந்து தள்ளி ஒன்று, மணல் தொட்டியிலிருந்து தள்ளி ஒன்று, மீசை இடிக்காதபடி அகன்ற வாயுடன் இரண்டு, ஓடும் நீர் பிடிக்கும் என்பதால் சிறு மின்விசையால் நீரைச் சுழற்றும் ஊற்று ஒன்று. சோழி ஊற்றின் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டு எதிரே அமர்ந்திருப்பாள். பூசணி ஐந்தையும் முறையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் மேசைக்கு வந்து, என் குவளையில் குடிப்பான். குடிக்குமுன் முன்காலால் நீரை ஒருமுறை தொட்டுப் பார்ப்பான். மிக அருகில் இருப்பது அவன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது என்பதால் நீர் எங்கே தொடங்குகிறது என்று கைவைத்துத்தான் அறிய வேண்டும். மணல் தொட்டியில் சற்றுமுன் நின்ற அதே கால் அது.

எனவே சென்ற வாரம் மூடி உள்ள ஒரு குவளை வாங்கிவந்தேன். உலோக மூடி, நல்ல கனம். இன்று விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்னதாக ஒரு புதிய ஓசை கேட்டுக் கண் விழித்தேன். பேனா இருந்த இடத்திலேயே இருந்தது. மூடி மேசையின் விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பூசணி அதன்மேல் ஒரு காலை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.